டெல்டாவில் ராக் டிரம்ஸ்: எதை வாங்குவது, எப்படி வாசிப்பது

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கம் ராக் வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எந்த கிட் வாங்கலாம்ணா?" என்னைக் கேட்டால் கிட்டே, அதாவது முழு டிரம் செட்டே, வாங்க வேண்டாம், இப்போதைக்கு. நம் ஊரில் சொந்த கிட்டில் வாசிக்கிற வாய்ப்பு ரொம்பக் குறைவு. காலேஜ் கல்ச்சுரல்ஸ் என்றால் ஆடிட்டோரியத்தில் கிடக்கும் கிட், சர்ச் என்றால் சர்ச் கிட், கோயில் திருவிழா மேடை என்றால் சவுண்டு சர்வீஸ்காரர் இறக்கி வைக்கிற, யார் யாரோ அடித்துத் தேய்த்த ஒரு கிட். அதில் டாம் (ஸ்நேரைச் சுற்றி இருக்கிற மற்ற உருளைகள்) எப்படி இருந்தாலும் பாட்டு ஓடிவிடும். ஸ்நேர் (அடியில் கம்பி வைத்த, கரகரவென்று பேசுகிற டிரம்) செத்துப்போயிருந்தாலோ, கால் பெடல் இழுத்தாலோ, கிராஷ் சிம்பல் விரிசல் விட்டிருந்தாலோ அன்றைக்குக் கதை முடிந்தது.

அதனால் நான் சொல்கிற கணக்கு இது: திருவாரூர் பஸ்ஸில் நீங்கள் ஒரே ஆளாக ஏற்றி இறக்க முடிகிற சாமான் எதுவோ அதை முதலில் வாங்குங்கள். ஸ்டிக், பெடல், ஸ்நேர், சிம்பல் பை. ராக் பாட்டில் கேட்பவர் காதில் முக்கால்வாசி நேரம் விழுவதும் இவை நான்கும்தான். பெரிய உருளைகளெல்லாம் குட்டியானை வைத்து ஏற்றுகிற அளவுக்குக் கச்சேரி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்டிக்கும் பேடும்

நம் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் பெரும்பாலும் நின்றுகொண்டு ரிதம் பேட்தான் வாசிப்பார்கள், அங்கிருந்து டிரம்ஸுக்கு வருகிறவர்கள் கையில் மெல்லிய 7A அளவு ஸ்டிக் இருக்கும். பேடுக்கு அது போதும், சத்தத்தைக் கூட்டுவது சவுண்டுகாரர் வேலை. ராக்குக்கு 5A அல்லது 5B எடுங்கள். 5A சுமார் 14.4 மி.மீ. கனம், 5B சுமார் 15 மி.மீ., இரண்டும் வழக்கமாக 16 இன்ச் நீளம். ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லையே என்று தோன்றும், ஆனால் கையில் பிடித்தால் தெரியும். 16 மி.மீ. கனமுள்ள 2B வாங்கினால் சத்தம் தானாக வரும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. மணிக்கட்டு பழகாமல் அதைத் தூக்கினால் சத்தம் வருவதற்கு முன் வலிதான் வரும்.

மரம் ஹிக்கரியாக இருப்பது நல்லது, அது அடியின் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். ஓக் இன்னும் கனம், நாள்பட உழைக்கும், ஆனால் அதிர்ச்சியைக் கைக்குக் கடத்தும். மேப்பிள் லேசு, டிரம்மின் உலோக வளையமான ரிம்மையும் சேர்த்து அடிக்கிற ரிம்ஷாட் அடித்தால் சீக்கிரம் சிதறும். கடையில் ஜோடியைக் கண்ணாடி கவுன்டர் மேல் உருட்டிப் பாருங்கள், தள்ளாடினால் வளைந்திருக்கிறது என்று அர்த்தம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் இரண்டையும் தனித்தனியாகத் தட்டி ஸ்ருதி ஒன்றாக இருக்கிறதா என்று கேளுங்கள். வெவ்வேறாக இருந்தால் இரண்டும் எடையில் வித்தியாசம், தொடர்ந்து தாளம் போடுகிற ரைடு சிம்பலில் வாசிக்கும்போது இரண்டு கையும் இரண்டு விதமாகப் பேசும்.

பிராக்டிஸ் பேடுக்குப் பணம் இல்லையென்றால் ஒரு அடி சதுர பிளைவுட், அதன் மேல் பழைய லாரி டியூபை அறுத்து இழுத்து ஆணி அடித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் அதிகமாகவே துள்ளும், ஆரம்பத்துக்குப் பரவாயில்லை. ராத்திரி பத்து மணிக்கு அதில் வாசித்தால் பக்கத்து வீட்டில் யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள்.

ஸ்டூலைப் பற்றி ஒரு வார்த்தை. கல்யாண மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டிரம்ஸ் வாசிக்கவே வாசிக்காதீர்கள். உயரம் மாற்ற முடியாது, முதுகு பின்னால் சாயும், கால் எடை பெடலுக்கு வராது. இடுப்பு முழங்காலை விடச் சற்று உயரமாக இருக்க வேண்டும், தொடை லேசாக முன்பக்கம் சரிய வேண்டும். உயரம் மாற்றுகிற டிரம் ஸ்டூல் ஒன்று கிடைத்தால் வாங்கிவிடுங்கள். பஸ்ஸில் ஏற்றக் கொஞ்சம் சங்கடம்தான், கண்டக்டர் முறைப்பார், ஆனாலும்.

பெடல்

ஒற்றைப் பெடல், செயின் டிரைவ், அடியில் தகடு வைத்தது. இது போதும். இரட்டைப் பெடல் வேண்டும் என்று துடிக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: லெட் செப்பெலின் டிரம்மர் ஜான் பான்ஹமின் அந்த மூன்றடி மூன்றடியாக உருளும் கிக் (காலால் அடிக்கிற பெரிய டிரம்) வேலையெல்லாம் ஒற்றைப் பெடலில், ஒரு காலில் அடித்தது. அந்தக் கால் வராதவருக்கு இரண்டு பெடல் கொடுத்தால் சீரில்லாத அடிகள் இரண்டு மடங்காகும், அவ்வளவுதான்.

வாங்கும்போது பெடலை மேஜை மேல் வைத்து, டிரம்மில் போய் அடிக்கிற சுத்தியலான பீட்டரை விரலால் பின்னுக்கு இழுத்து விடுங்கள். நல்ல பெடல் கடிகாரப் பெண்டுலம் போல நிறைய நேரம் ஆடி மெதுவாக நிற்கும். இரண்டு மூன்று ஆட்டத்தில் நின்றால் பேரிங் தேய்ந்திருக்கிறது. அடித்தகடு பக்கவாட்டில் ஆடுகிறதா என்றும் பாருங்கள், அது ஆடினால் பாதி பாட்டில் திருகு கழன்று விழும்.

ஸ்நேர்

கையிலிருக்கும் பணத்தில் பெரிய பங்கு இங்கேயும் சிம்பலிலும் போக வேண்டும். விட்டம் 14 இன்ச், ஆழம் 5.5 அல்லது 6.5 இன்ச். மர ஸ்நேர் இதமான சத்தம், உலோக ஸ்நேர் கூர்மையும் நீட்டும் அதிகம். திறந்தவெளி மேடையில், பக்கத்தில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்கும் நம் ஊர் நிலைமைக்கு நான் உலோகத்தைத்தான் சொல்வேன். பான்ஹம் பல வருஷம் வாசித்தது லுட்விக் சூப்ராஃபோனிக், 6.5 இன்ச் ஆழம், அலுமினிய உடலுக்கு மேல் குரோம் பூச்சு. அதை வாங்கச் சொல்லவில்லை, விலை கேட்டால் தலை சுற்றும். சாதாரண ஸ்டீல் ஸ்நேர் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி, நல்ல ஹெட் (அடி வாங்குகிற மேல்தோல்) போட்டு, ஒழுங்காக ட்யூன் செய்தால் அதற்குப் பக்கத்தில் வரும்.

பழைய டிரம் வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது, விற்கிறவர் முகம் சுளித்தாலும் செய்யுங்கள். இரண்டு ஹெட்டையும் கழற்றச் சொல்லி, வெறும் உடலைச் சமையல்கட்டு கிரானைட் மேடையில் கவிழ்த்து வையுங்கள். உள்ளே செல்போன் டார்ச்சைப் போட்டுவிட்டு, அறை விளக்கை அணைத்து, விளிம்பைச் சுற்றிக் குனிந்து பாருங்கள். எங்கேயாவது வெளிச்சம் கசிந்தால் விளிம்பு சமமில்லை, ஹெட் ஒரே மாதிரி உட்காராது, எத்தனை முறுக்கினாலும் ட்யூன் நிற்காது. நம் பக்கம் இது அடிக்கடி நடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடாமல் கிடந்த பிளைவுட் உடல் உப்பி, வெயிலில் காய்ந்து, மறுபடி உப்பி, வட்டமே கோணிப்போயிருக்கும். வெளியே பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்டிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது.

ஹெட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 1950களில் பாலியஸ்டர் ஃபிலிம் ஹெட் வந்ததால்தான் டிரம்மர்கள் தோலின் தொல்லையிலிருந்து தப்பினார்கள். தோல் என்ன பாடு படுத்தும் என்று நமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை, மேடைக்குப் பின்னால் வைக்கோலைக் கொளுத்தித் தப்பு காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். பிளாஸ்டிக் ஹெட் ஈரத்துக்கு அசையாது. ஸ்நேர் மேல்பக்கம் 10 மில் (ஒரு மில் என்றால் இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில் ஒற்றை அடுக்கு, கரகரப்புப் பூச்சு போட்டது. ரொம்ப பலமாக அடிக்கிறவர் என்றால் 7 மில் வீதம் இரட்டை அடுக்கு. அடிப்பக்கம் அதற்கென்றே உள்ள 3 மில் மெல்லிய ஹெட். அதில் மேல்பக்க ஹெட்டை மாட்டி வைத்திருக்கிற கிட்களைக்கூடப் பார்த்திருக்கிறேன், ஸ்நேர் வயர் பேசவே பேசாது.

ட்யூனிங்: எல்லாத் திருகையும் முதலில் விரலால் முடிந்த மட்டும் முடுக்குங்கள். பிறகு டிரம் கீயை எடுத்து, ஒரு திருகு, அடுத்து அதற்கு நேர் எதிர்த் திருகு என்று குறுக்காகப் போங்கள், ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்று. வட்டமாக வரிசையாய் முடுக்கினால் ஹெட் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். இப்போது நட்டு போல்ட் போட்ட தவில்தான் எங்கும், அதை முடுக்குகிறவர் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பதைக் கவனியுங்கள், அதே வேலைதான். ஒவ்வொரு திருகுக்குப் பக்கத்திலும், ரிம்மிலிருந்து ஓர் இன்ச் உள்ளே, ஸ்டிக் நுனியால் தட்டி எல்லா இடத்திலும் ஒரே ஸ்ருதி வரும்வரை சரிசெய்யுங்கள். ஸ்நேரில் அடி ஹெட் மேல் ஹெட்டை விட இறுக்கமாக இருக்கட்டும். வயரை ரொம்ப இறுக்கினால் சத்தம் நெரிபட்டு வரும். மெதுவாகத் தட்டினாலும் வயர் பதில் சொல்கிற இடம்வரை தளர்த்துங்கள்.

சிம்பல்: தட்டிப் பார்த்து வாங்குங்கள்

கும்பகோணத்துக் கடைத்தெருவில் வெண்கலப் பானை வாங்குகிற பாட்டிகள் விரலால் சுண்டி, ஓசை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டுத்தான் பேரம் ஆரம்பிப்பார்கள். சிம்பலும் அப்படித்தான், காரணமும் அதே உலோகம். மலிவான கிட்டோடு இலவசமாக வருகிற சிம்பல் பித்தளை. அடித்தால் தட்டு விழுந்த சத்தம் வரும், நிற்காது. அதைவிட மேல், 92 பங்கு செம்பும் 8 பங்கு வெள்ளீயமும் கலந்தது, பி8 என்பார்கள். மேல்மட்டத்தில் 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம், பி20. இஸ்தான்புல்லில் 1623-ல் தொடங்கியதாகச் சொல்கிற ஜில்ட்ஜியனின் பெயர்பெற்ற வரிசைகளும், அந்தக் குடும்பத்திலிருந்து பிரிந்து 1980களின் தொடக்கத்தில் கனடாவில் உருவான சேபியனின் மேல்தர வரிசைகளும் பி20. நம் ஜால்ராவும் வெள்ளீயம் தூக்கலான வெண்கலம்தான்.

ஆனால் பி20 என்றால் ஒசத்தி, பி8 என்றால் மட்டம் என்று யாராவது அளந்தால் நம்பிவிடாதீர்கள். சுவிட்சர்லாந்தின் பைஸ்டி 2002 வரிசை பி8 வகைதான், பான்ஹம் உட்பட எத்தனையோ ராக் டிரம்மர்கள் அடித்தது அதை. பளிச்சென்று, கிடார் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு வரும். ராக்குக்கு அது ஒரு குறையே இல்லை.

முதலில் காலால் திறந்து மூடுகிற ஜோடி சிம்பலான ஹை-ஹேட், 14 இன்ச். அப்புறம் ஒரு கிராஷ், 18 இன்ச், முடிந்தால் 19. ரைடு மூன்றாவது, அதுவரை கிராஷின் ஓரத்தை ஸ்டிக் தோளால் (நுனிக்குக் கீழே தடிக்கிற பகுதி) சாய்த்து அடித்தே கோரஸை ஓட்டிவிடலாம், நிறைய பேர் வேண்டுமென்றே அப்படித்தான் வாசிக்கிறார்கள். ஸ்பிளாஷ், சைனா எல்லாம் அலங்காரம்.

பழைய சிம்பல் என்றால் விளிம்பு முழுக்க நகத்தை ஓட்டுங்கள், விரிசலில் நகம் மாட்டும். நடு ஓட்டையையும் பாருங்கள். அது வட்டமாக இல்லாமல் சாவித் துவாரம் மாதிரி ஒரு பக்கம் நீண்டிருந்தால், ஸ்டாண்டில் பிளாஸ்டிக் குழாய் இல்லாமல் வெறும் இரும்பின் மேல் வைத்து அடித்திருக்கிறார்கள். வாடகை ஸ்டாண்டில் பத்தில் எட்டில் அந்தக் குழாய் இருக்காது. டூவீலர் மெக்கானிக் கடையில் பெட்ரோல் டியூப் ஒரு சாண் வாங்கி, துண்டு துண்டாக நறுக்கி சிம்பல் பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டாண்ட் கம்பியில் செருகிவிட்டால் கச்சிதமாக உட்காரும். மேல் நட்டை மரை கழறுகிற மாதிரி இறுக்காதீர்கள், சிம்பல் ஆட இடம் வேண்டும். ஆட முடியாத சிம்பல்தான் உடையும்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, காரைக்கால், வேதாரண்யம் பக்கம் வாசிக்கப் போனால் உப்புக் காற்று ஒரே ராத்திரியில் குரோம் மேல் புள்ளி வைக்க ஆரம்பிக்கும். அன்றைக்கே உலர்ந்த துணியால் துடைத்து, ரிம், திருகு, பெடல் செயின் மேல் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. சிம்பலுக்கு எண்ணெய் வேண்டாம், துடைத்தால் போதும்.

கிக்கும் டாமும், வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

கிக் 22 இன்ச், டாம் 12, ஃப்ளோர் டாம் 16. ஸ்நேரோடு சேர்த்து நான்கு உருப்படி, அவ்வளவே. பான்ஹம் 26 இன்ச் கிக் வைத்திருந்தாரே என்றால், அவருக்கு அதை ஏற்றி இறக்க ஆள் இருந்தது. பர்ச், மேப்பிள், பாப்லர் என்று மரத்தைப் பற்றிக் கடைக்காரர் ரொம்ப நேரம் பேசுவார். முதல் கிட்டுக்கு மரத்தை விட விளிம்பும் திருகும் முக்கியம். கிக்குக்குள் ஒரு தலையணை, இரண்டு ஹெட்டையும் லேசாகத் தொடுகிற மாதிரி. ஹெட் சுருக்கம் நீங்கிய இடத்திலிருந்து கால் சுற்று கூட முடுக்கினால் போதும், ஆழமான 'தும்' வரும். மேடையில் கிக் முன்னால் வழுக்கிக்கொண்டு போகும். ஜமுக்காளம் விரித்து, மரப் பலகை மேடையாக இருந்தால் முன்பக்கம் ஒரு ரீப்பர் கட்டையை ஆணி அடித்து வைக்கச் சொல்லுங்கள். பந்தல் போட வந்தவர்களிடம் கட்டையும் சுத்தியலும் இருக்கும், கேட்டால் இரண்டு நிமிஷ வேலை. ஊரிலிருந்து ஊருக்கு ஏற்றும்போது நெல் காயப்போடுகிற தார்ப்பாய் ஒன்றைக் கூட எடுத்துக்கொள்ளுங்கள்.

கை

இரண்டு கையும் ஒரே மாதிரி பிடிக்கிற மேட்ச்டு கிரிப்பில் தொடங்குங்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் ஸ்டிக் ஊஞ்சல் மாதிரி ஆட வேண்டும், மீதி மூன்று விரலும் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கட்டும். ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ், போலீஸ் குழுவின் ஸ்டூவர்ட் கோப்லேண்ட் எல்லாம் இடது கையை மல்லாத்திப் பிடிக்கிற டிரடிஷனல் கிரிப்பில்தான் ராக் வாசித்தார்கள். அது தப்பில்லை, ஆனால் அந்தப் பிடி வந்தது தோளில் மாட்டிச் சாய்ந்து தொங்குகிற பட்டாள டிரம்மிலிருந்து. உங்கள் ஸ்நேர் சாய்ந்து தொங்கவில்லை.

பலமாக வாசிப்பது என்றால் இறுக்கிப் பிடித்து ஓங்கி அடிப்பது என்று நினைக்கிறவர்கள்தான் ஸ்டிக்கையும் உடைத்துக்கொண்டு, மணிக்கட்டையும் கெடுத்துக்கொள்கிறார்கள். ஸ்டிக்கை மேலிருந்து எறிகிற மாதிரி விடுங்கள், ஹெட்டில் பட்டதும் அது தானாகக் கிளம்பிய உயரத்துக்கே திரும்ப வர வேண்டும். வராமல் கீழேயே நின்றால் நடுவில் நீங்கள் எங்கேயோ பிடித்து நிறுத்துகிறீர்கள். பேடில், சீராக டிக் அடிக்கிற மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60-ல் வைத்து, ஒரு அடிக்கு ஒரு டிக் என்று, தோள் உயரத்திலிருந்து இதை மட்டும் செய்யுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும். சத்தம் என்பது ஸ்டிக் கிளம்புகிற உயரமும் அது இறங்குகிற வேகமும், கையின் முறுக்கு அல்ல.

ரிம்ஷாட் இல்லாமல் ராக் ஸ்நேர் இல்லை. ஸ்டிக் நுனி ஹெட்டின் நடுவிலும், அதன் உடல் ரிம்மிலும் ஒரே கணத்தில் பட வேண்டும். ஸ்நேரின் உயரம், சாய்வு இரண்டும் சரியாக இருந்தால் இது தானாக வரும். தொடையை விட இரண்டு விரல்கடை உயரத்தில், கிட்டத்தட்ட மட்டமாக வையுங்கள். வாடகை கிட்டில் உட்கார்ந்ததும் நான் முதலில் மாற்றுவது ஸ்நேர் ஸ்டாண்டின் உயரத்தைத்தான்.

அடுத்தது பேலன்ஸ். புதிதாக வாசிக்கிறவர்கள் எல்லோரும் ஹை-ஹேட்டைப் போட்டு அறைவார்கள், வலது கை பலமான கை, அதுவும் மேலே இருக்கிறது. வெளியே கேட்பது 'ச்ச் ச்ச் ச்ச்' மட்டும். கிக்கும் ஸ்நேரும் முன்னால், ஹை-ஹேட் பின்னால் கேட்க வேண்டும். செல்போனைப் பத்தடி தள்ளி வைத்துப் பதிவு செய்து கேளுங்கள், உண்மை உடனே தெரியும். இதைச் சவுண்டுகாரர் சரிசெய்ய முடியாது. ஹை-ஹேட் சத்தம் ஸ்நேர் மைக்கிலேயே புகுந்து உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டும் நாலும்

இதுதான் நம் பக்கத்துக் காதுகளுக்கு இருக்கிற ஒரே பெரிய சிக்கல், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். தவிலும் நாகஸ்வரமும் கேட்டு வளர்ந்தவருக்கு ஏழும் ஐந்தும் பயமே இல்லை. 'தகிட தகதிமி' என்று வாயில் சொல்லிக்கொண்டே ஏழு அடி பாட்டை வாசித்துவிடுவார், வெளியூர் டிரம்மர்கள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஆனால் நம் உடம்பு எடையைச் சமத்தில் போடும், முதல் அடியில். ராக் எடையை இரண்டிலும் நாலிலும் போடுகிறது. ஒன்றில் கிக், இரண்டில் ஸ்நேர், மூன்றில் கிக், நாலில் ஸ்நேர். இந்த ஸ்நேர் கொஞ்சம் தயங்கினாலும் பாட்டு மெல்லிசைக் கச்சேரி மாதிரி ஆகிவிடும்.

கையால் ஆதி தாளம் போட்டுப் பாருங்கள். தட்டு, மூன்று விரல், அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. அந்தப் பின்பாதியில் வீச்சு வருகிற இடம் ஆறும் எட்டும். ராக்கில் ஸ்நேர் விழுவது அங்கேதான். முன்பாதியில் சுண்டு விரலிலும் நடு விரலிலும். நாம் காற்றில் விசிறிவிட்டுப் போகிற இடத்தில் அவர்கள் ஓங்கி அடிக்கிறார்கள். பாட்டைப் போட்டுவிட்டு, தாளம் போட்டுக்கொண்டே வீச்சில் மட்டும் 'டப்' என்று வாயால் சொல்லுங்கள். அது உடம்பில் ஏறிய பிறகு ஸ்டிக்கை எடுங்கள்.

கோஸ்ட் நோட் என்று ஸ்நேரில் மிக மெல்லிசாக இடையிடையே தொட்டுப் போகிற அடிகள் இருக்கின்றன, அவற்றுக்கும் நம் சொற்கட்டு உதவும். 'தகதிமி தகதிமி' என்று சொல்லி, பலமான அடியைத் தவிர மற்றதை ஹெட்டிலிருந்து ஓர் இன்ச் உயரத்திலிருந்து மட்டும் விழ விடுங்கள். பலமான அடிக்கு 12 இன்ச் உயரம், மெல்லிய அடிக்கு ஓர் இன்ச் உயரம், நடுவில் எதுவும் கிடையாது. இந்த வித்தியாசம் வந்துவிட்டால் சாதாரண பீட்டே ஆட வைக்கும்.

ஃபில், அதாவது பீட்டை விட்டு நடுவே போடுகிற அடிக்கோவை, விஷயத்தில் நம் ஆட்கள் தாராளம். நாலு வரிக்கு ஒரு தீர்மானம் வைக்காவிட்டால் தூக்கம் வராது. தீர்மானம் போட்டுச் சமத்தில் விழுகிற பழக்கம் நல்லதுதான், ராக்கிலும் ஃபில் முடிந்து ஒன்றில் கிராஷும் கிக்கும் சேர்ந்து விழ வேண்டும், கிக் இல்லாத கிராஷ் தொங்கிக்கொண்டு நிற்கும். ஆனால் பாடகர் பாடிக்கொண்டிருக்கும்போது ஃபில் வேண்டாம். வரி முடிந்து அடுத்த பகுதிக்குப் போகிற வாசலில் மட்டும். ஏசி டிசி குழுவின் டிரம்மர் ஃபில் ரட் இதற்கு நல்ல பாடம், முழுப் பாட்டும் ஒரே பீட், ஒரு கூட்டமே ஆடும்.

கைப்பழக்கத்துக்கு ஒற்றை அடி, இரட்டை அடி, பாரடிடில் மூன்றும் போதும். பாரடிடில் என்றால் வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. தினமும் கொஞ்ச நேரம், மெதுவாக.

கால்

குதிகாலைத் தூக்கி, முன்பாதத்தால், தொடையிலிருந்து வருகிற எடையில் அடிப்பதுதான் ராக் சத்தம். குதிகாலை வைத்து அடித்தால் கட்டுப்பாடு இருக்கும், பலம் இருக்காது. மெதுவான பாட்டுக்கு அது. இரண்டு அடி வேகமாக வர வேண்டுமானால் முதல் அடியில் பாதத்தைப் பெடலின் நடுவில் வைத்து, அடுத்ததில் முன்னுக்கு வழுக்க விடுங்கள். பீட்டரை ஹெட்டில் அமுக்கி வைக்காமல் திரும்பி வர விட்டால் சத்தம் உருண்டு வரும், அமுக்கினால் நறுக்கென்று நிற்கும். இரண்டும் வேண்டும், எங்கே எது என்பது பாட்டைப் பொறுத்தது. இடது கால் சும்மா இருக்கக் கூடாது, ஃபில் வாசிக்கும்போதுகூட ஹை-ஹேட் பெடலில் காலடி போட்டுக்கொண்டே இருக்கட்டும், தாளம் வேகம் பிடித்து ஓடாமல் நிலையாக நிற்கும்.

மேடை

சவுண்டு சர்வீஸில் டிரம்ஸுக்கு என்று ஏழெட்டு மைக் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு கிடைத்தால் ஒன்று கிக்குக்கு, முன் ஹெட் ஓட்டைக்குள் பாதி நுழைத்து. இன்னொன்று ஸ்நேருக்கும் டாமுக்கும் நடுவே தலைக்கு மேல், ஸ்நேரைப் பார்த்து. இரண்டு மைக்கில் என்ன வரும் என்று சலித்துக்கொள்ள வேண்டாம். லெட் செப்பெலின் 1971-ல் வெளியிட்ட ஆல்பத்தில், ஹெட்லி கிரேஞ்ச் என்கிற பழைய மாளிகையின் மாடிப்படிக் கூடத்தில் கிட்டைப் போட்டு, மேலே படிக்கட்டிலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்த டிரம் சத்தத்தை இன்றைக்கும் ஆட்கள் காப்பியடித்துக்கொண்டிருக்கிறார்கள். வாசிக்கிறவர் கையிலேயே பேலன்ஸ் இருந்தால் இரண்டு மைக் தாராளம்.

கல்யாண மண்டபமும் தகர ஷெட்டும் வேறு உலகம். டைல்ஸ் சுவரில் கிராஷ் பட்டுத் திரும்பத் திரும்ப வரும், பாட்டு வரியே காதில் விழாது. அங்கே கிராஷைப் பாதியாகக் குறையுங்கள், கோரஸில்கூட ஹை-ஹேட்டை லேசாகத் திறந்து வாசியுங்கள். திறந்தவெளியில் நேர் எதிர், அடித்தது காற்றோடு போய்விடும், அதனால் இன்னும் பலமாக அடிக்கத் தோன்றும். அடிக்காதீர்கள், மேடையில் நம் பக்கம் பார்த்து வைத்த ஸ்பீக்கரான மானிட்டரில் கிக்கைக் கூட்டச் சொல்லுங்கள்.

காதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. வேலையிடப் பாதுகாப்பை ஆராய்கிற அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு வைத்திருக்கிற வரம்பு 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிஷம்தான். மூடிய அறையில் டிரம்ஸ் அதை எளிதாகத் தொடும். பஞ்சு வைத்தால் போதாது, ஃபோம் இயர்பிளக் மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும், பயிற்சியிலிருந்தே போட்டுப் பழகுங்கள். கச்சேரி முடிந்து காதில் 'ஙொய்' என்று சத்தம் கேட்டால் அது எச்சரிக்கை.

வேகம் பற்றி ஒன்று. மேடையில் எல்லோரும் பதற்றத்தில் வேகமாக ஆரம்பிப்பார்கள், அதிலும் முதல் பாட்டு. பாட்டு வரிசையையும் ஒவ்வொன்றின் மெட்ரோனோம் எண்ணையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி, ஹை-ஹேட் பக்கத்தில் தரையில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். தொடங்கும் முன் போனில் மெட்ரோனோமைப் போட்டு வேகத்தைப் பார்த்துக்கொண்டு, பாட்டின் கோரஸை மனசுக்குள் ஒரு வரி ஓட்டிப் பாருங்கள், வேகம் சரியாக இருக்கிறதா என்று நாக்கே சொல்லிவிடும். அப்புறம் ஸ்டிக்கைத் தட்டி நாலு எண்ணும்போது வாயாலும் சத்தமாக எண்ணுங்கள், தலையையும் ஆட்டுங்கள். மேடையின் அந்தக் கோடியில் ஜெனரேட்டர் பக்கமாக நிற்கிற பேஸ் கிடார்காரருக்கு ஸ்டிக் சத்தம் கேட்காது.